கண்ணி எண்ணும் அம்மையார்

பொறுமைக்கு உவமை சொல்ல வேண்டுமானால் பூமாதேவியைச் சொல்வது நம் மரபு. ஆனால் பிரிட்டனில், குளிர்காலம் எட்டிப் பார்ப்பதற்கு வெகு நாள் முன்னதாகவே ஜன்னலோர நாற்காலியைச் சாசனம் எழுதாத சொத்தாகக் கைப்பற்றிக்கொண்டு, மடியில் பல வர்ணக் கம்பளி உருண்டைகளைப் பரப்பி, கணவருக்கோ பேரனுக்கோ ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடும் அம்மையாரைக் கண்டிருந்தால், பூமாதேவிக்கும் ஒரு போட்டி ஏற்பட்டுவிட்டதென்று நம் பெரியோர் ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அம்மையாரின் பொறுமை முழுவதும் கம்பளிக்கே அர்ப்பணம். மனிதருக்கென்று அதில் ஓர் இழைகூட மீதியிராது.

அவர் பின்னுவது ஏதோ ஒற்றை நிறத்துச் சாமானிய ஸ்வெட்டர் என்று நினைப்பவர்கள் அவருடைய பகையைச் சம்பாதித்துக்கொள்வார்கள். ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் இடையே கடல் நடுவில் கிடக்கும் ஃபேர் ஐல் என்ற சின்னஞ்சிறு தீவின் பெயரால் பிரசித்தி பெற்ற வர்ணப் பின்னல் அது. ஸ்வெட்டர் முழுவதிலும் எத்தனை நிறம் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் கூடாது என்பது சம்பிரதாயம். 1588ஆம் ஆண்டில் ஸ்பெயின் கப்பற்படையைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்னும் கப்பல் அத்தீவில் மோதி உடைந்தபோது, கரையேறிய மாலுமிகளே இக்கோலங்களைத் தீவாருக்குக் கற்பித்தார்கள் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. ஆதாரம் போதாதென்று ஆராய்ச்சியாளர்கள் அதை ஒதுக்குகிறார்கள். அம்மையாரோ, ஆண்பிள்ளைகள் வந்து பெண்களுக்குப் பின்னல் கற்பித்தார்கள் என்று சொல்வதே அபசாரம் என்று ஒதுக்குகிறார். ஆயினும் 1922இல் வேல்ஸ் இளவரசர் இத்தகைய ஸ்வெட்டரை அணிந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் கோல்ஃப் ஆடிய செய்தியை மட்டும், தாமே அளவெடுத்துப் பின்னிக் கொடுத்தவர் போன்ற அடக்கத்துடன் சொல்லுவார்.

இனி அவருடைய சாஸ்திரத்துக்கு வருவோம். அதன் முதல் சூத்திரம் மாதிரித் துண்டு. புத்தகத்தில் 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி என்று போட்டிருந்தால், 100 சென்டிமீட்டர் மார்பளவுக்கு 280 கண்ணி என்பது பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் பின்னுகிற கை சற்றே இறுகி, அதே 10 சென்டிமீட்டருக்குள் 30 கண்ணிகளை அடைத்துவிட்டால், ஸ்வெட்டர் 93 சென்டிமீட்டராகக் குறுகிக் கணவருக்கு மூச்சுத் திணறும். சற்றே தளர்ந்து 26 ஆகிவிட்டாலோ, ஏறக்குறைய 108 சென்டிமீட்டராக அகன்று, அவருடன் ஒரு விருந்தாளிக்கும் உள்ளே இடம் கொடுக்கும். ஆகையால், தொடங்குமுன் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு துண்டைப் பின்னி, நீரில் நனைத்து, குண்டூசி குத்தி உலர்த்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணுவார். எண்ணிக்கை கூடியிருந்தால் பருத்த ஊசி. குறைந்திருந்தால் மெல்லிய ஊசி. மறுபடியும் ஒரு துண்டு. "இது யாருக்குக் கைக்குட்டை?" என்று வினவத் துணிந்தால் கணவருக்கு அன்றிரவு வெறும் ரொட்டிதான் ஆகாரம்.

இரண்டாம் சூத்திரம் கைலாகவம். வலக்கையில் ஒரு நிறம், இடக்கையில் மற்றொன்று. ஒரு நிறம் முகப்பில் கோலம் போடும்போது மற்றது பின்புறமாகச் சும்மா கூடவே ஓடிவர வேண்டும். அந்தப் பின்னிழையை வெடுக்கென்று இழுத்தால் முகப்பெல்லாம் சுருக்கம் விழும். தாராளமாக விட்டால் அணிபவரின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நிறம் மாறும் இடந்தோறும், பின்னி முடித்த கண்ணிகளை வலது ஊசியின்மேல் விரலால் நீவிப் பரப்பிவிட்ட பிறகே அடுத்த நிறத்தை எடுப்பார். கீழிருந்து வருகிற இழைதான் முகப்பில் எடுப்பாகத் தெரியுமாதலால், எந்த நிறம் எந்தக் கையில் என்பதைக் கடைசி வரிசை வரையில் மாற்றமாட்டார்.

இவ்வளவு விதிகளையும் வழுவாமல் அனுசரிக்கும் அம்மையாரைக் கவிழ்க்க வல்லது அவருடைய மனோநிலை ஒன்றுதான். மழை தூறும் ஞாயிற்றுக்கிழமையில் பின்னிய வரிசைகள் சாந்தமாக, சமமாக அமைந்திருக்கும். நாத்தனார் வந்து உபதேசம் செய்துவிட்டுப் போன மாலையில் பின்னியவை இறுகிக் கிடக்கும். வானொலி நாடகத்தில் கொலைகாரன் அகப்படும் வரையில் இறுகிய கை, அகப்பட்டதும் தளர்ந்து, அந்த நிம்மதியையும் பதிவு செய்துவிடும். ஸ்வெட்டரை விரித்துப் போட்டால், அக்குடும்பத்தின் மூன்று மாதச் சரித்திரத்தைக் கீழிருந்து மேலாகப் படித்துவிடலாம்.

கடைசியில் நடப்பது சத்திர சிகிச்சை. வட்டமாகவே பின்னி வந்த உடம்பில் கைகளுக்கு வழி செய்வதற்காக, அதற்கென்றே உபரியாகப் பின்னி வைத்த கண்ணிகளின் நடுவே அம்மையார் கத்தரிக்கோலை ஓட்டுவார். ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சுபாவமுடையவை; வெட்டுப்பட்டாலும் எளிதில் அவிழா. இந்தத் தத்துவத்தை அறியாத கணவர், மூன்று மாத உழைப்பு கண்ணெதிரே துண்டாடப்படுவதைக் கண்டு, தாம் அண்மையில் செய்த குற்றங்களையெல்லாம் அவசர அவசரமாக நினைவுக்குக் கொண்டுவர முயலுவார்.

இத்தகைய அம்மையார் ஒருவர் உங்களுக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தந்தால், வர்ணங்களைப் புகழ்ந்து காலத்தைக் கழிக்காதீர்கள். அதை வழிப்போக்கரும் செய்துவிடுவார். உட்புறத்தைத் திருப்பி, பின்னிழைகள் இறுகாமலும் தொங்காமலும் ஓடுவதைப் பார்த்துத் தலையை இருமுறை அசையுங்கள். மார்பில் ஓரிடம் சற்றுப் பிடிப்பாக இருந்தாலும் காரணம் கேட்க வேண்டாம். அந்த வரிசைகளைப் பின்னிய அன்று நீங்களே ஏதாவது பேசியிருக்கக்கூடும். வெந்நீரில் மட்டும் துவைத்துவிடாதீர்கள்: கம்பளி சுருங்கிக் கெட்டித்துப்போகும், அம்மையார் இன்னொன்று பின்னித் தரமாட்டார்.