அச்சகம் கொடுத்த ஆயுள்

முகப்பூச்சு டப்பாவின் அடியில் ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி இருக்கும். 2020 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் அதைக் கேட்கின்றன. எந்தச் சோதனை வழியாக அந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தோம் என்பதையும் டப்பாவில் எழுதச் சொல்லி அவை கேட்பதில்லை. இந்த இடுக்கில்தான் ஒரு தொழிலே நடக்கிறது. அதற்காக வாதாடுகிறவர் கடலூரார். மஞ்சக்குப்பத்தில் மாடி அறையில் கற்றாழைக் கிரீம் காய்ச்சி இன்ஸ்டாகிராமில் விற்கும் இளைஞர். எதிர்வாதம் சிதம்பரத்தாருடையது, தரக்கட்டுப்பாட்டு அறையிலேயே தலை நரைத்து, ஓய்வுபெற்று அண்ணாமலை நகரில் இருப்பவர். இருவரும் கற்பனைதான், ஆனால் முன்னவரின் சாயலை உங்கள் போனைத் திறந்தாலே பார்க்கலாம். புரட்டாசி மாதம், தீபாவளி ஆர்டர்கள் குவியும் நேரம்.

கடலூரார்: சார், நம்ம கிரீமுக்கு 24 மாசம் போட்டிருக்கேன். கெமிக்கல் ஒரு சொட்டு கிடையாது. கற்றாழை, ரோஸ் வாட்டர், தேங்காயெண்ணெய், மஞ்சள், நம்ம கடற்கரை மணல்ல விளையற வெட்டிவேர். எல்லாம் மண்ணுலேருந்து வந்தது. கெட்டுப்போக அதுல என்ன சார் இருக்கு?

சிதம்பரத்தார்: கெட்டுப்போறதுக்கு வேண்டியது எல்லாமே இருக்கு தம்பி. கற்றாழைச் சோத்துல 98 சதவீதத்துக்கு மேல தண்ணி, மீதியில சர்க்கரைச் சத்து. அதோட ரோஸ் வாட்டர், அதுவும் தண்ணிதான். தண்ணி இருக்கிற இடத்துல கிருமி குடியேற யாரும் பத்திரிகை வெச்சு அழைக்க வேண்டியதில்ல. அது இருக்கட்டும், அந்த 24 எங்கேருந்து வந்தது?

கடலூரார்: ஸ்டிக்கர் அடிக்கிற பிரஸ்ல டிசைன் பண்ற பையன் கேட்டான், தேதி என்ன போடட்டும்னு. பக்கத்துல ஒரு பெரிய கம்பெனி டப்பா இருந்துச்சு, அதுல 24. நானும் அதையே போடச் சொன்னேன். 36ன்னு போட்டா வியாபாரம் நல்லா ஓடும்னான். நான்தான் மனசாட்சிக்குப் பயந்து குறைச்சுக்கிட்டேன்.

சிதம்பரத்தார்: எங்க ஊர்க் கோயில்ல திரையை விலக்கினா வெறும் ஆகாசம்னு சொன்னாலும், ஒரு தங்க வில்வ மாலையாவது தொங்கும். உங்க 24க்குப் பின்னாடி விலக்கிப் பார்த்தா அதுகூட இல்லையே! அந்தக் கம்பெனி அந்த எண்ணை ஒரு கலவைக்கு, ஒரு டப்பாவுக்குன்னு வாங்கியிருக்கும். வாங்கின விதத்தைக் கேளுங்க. ஒரே பேட்ச்சை, கடைக்குப் போகப்போற அதே டப்பாவுல அடைச்சு, ஒரு பங்கைக் குளிர்ல, ஒரு பங்கை அறைச்சூட்டுல, ஒரு பங்கை 40, 45 டிகிரிப் பெட்டியில வைப்பாங்க. சிலதை உறைய வெச்சு, உருக வெச்சு, மறுபடி உறைய வைப்பாங்க. கொஞ்சத்தை சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டுச் சுத்தி, எண்ணெயும் தண்ணியும் பிரியுதான்னு பார்ப்பாங்க. இன்னும் கொஞ்சத்தை வெளிச்சம் படற இடத்துல வைப்பாங்க. மஞ்சளோட நிறம் வெளிச்சத்துல வெளுத்துப்போகும், அதை உங்க கண்ணாடி டப்பா தடுக்காது. அப்புறம் நாள் வெச்சு எடுத்து எடுத்து நிறம், மணம், பி.எச்., கெட்டி, எடை எல்லாத்தையும் குறிப்பாங்க. எடை எதுக்குன்னா, மூடி இடுக்கு வழியா தண்ணி ஆவியாகிப் போயிடுதான்னு தெரியணும். எண்ணெய்ல காறல் வாடை தட்டுதான்னு மோந்து பார்க்கிறதும் சோதனைதான். பிரஸ்காரப் பையன் இதுல எதைப் பண்ணினான்?

கடலூரார்: 24 மாசம் உட்கார்ந்து மோந்து பார்த்துட்டுத்தான் விக்கணும்னா, நான் கல்யாணமே பண்ணிக்க முடியாது சார்.

சிதம்பரத்தார்: அந்தக் கவலை உங்களுக்கு முன்னாடியே நிறைய பேருக்கு வந்தாச்சு. அதுக்குத்தான் சூடு. சூடு ஏறினா வேதிவினை எவ்வளவு வேகமா ஏறும்னு சுவீடன்காரர் அர்ரீனியஸ் 1889ல ஒரு சமன்பாடு சொன்னார். தொழில்ல அதைச் சுருக்கி, 10 டிகிரி கூடினா வேகம் ரெண்டு மடங்குன்னு வெச்சுக்குவாங்க. 25லேருந்து 45க்குப் போனா நாலு மடங்கு. 45ல 6 மாசம் தாங்கினா 25ல 24 மாசம் தாங்கும்னு கணக்கு. இப்ப சொல்லுங்க, 25 டிகிரி எந்த ஊர்ல இருக்கு? கடலூரோட வருஷ சராசரியே 28ஐ ஒட்டி இருக்கு. இருப்பறை 30ன்னு வெச்சா, அதே 6 மாசச் சோதனை 17 மாசத்துக்குத்தான் ஈடு. சிமெண்ட் ஷீட் போட்ட கடையில 35ன்னு வெச்சா 12தான். கிரீம் ஒண்ணு, டப்பா ஒண்ணு, ஆயுள் மட்டும் மூணு. மருந்துக்காரங்க இதை யோசிச்சு உலகத்தையே தட்பவெப்ப மண்டலமாப் பிரிச்சாங்க; ரொம்பச் சூடும் ஈரமும் உள்ள நாடுகளுக்கு 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்துல நீண்டகாலச் சோதனை. அழகுப்பொருளுக்கு அப்படி ஒரு கட்டாய அட்டவணை இல்ல. ஐ.எஸ்.ஓ. 2018ல வெளியிட்ட வழிகாட்டிகூட, எத்தனை டிகிரி, எத்தனை நாள்ங்கிறதைத் தயாரிக்கிறவரோட பொறுப்புலதான் விடுது. பொறுப்புன்னு அவங்க எழுதினதைச் சில பேர் விருப்பம்னு படிச்சுட்டாங்க. அதோட, இந்தக் கணக்கு ஒரு ஊகம்தான். 45ல உருகிப்போற மெழுகு 30ல ஒண்ணும் ஆகாம இருக்கலாம். அதனால சூட்டுச் சோதனை முடிஞ்சு விக்க ஆரம்பிச்ச பிறகும், சாதாரணச் சூட்டுல வெச்ச டப்பாவை 24 மாசமும் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

கடலூரார்: சூடுதானே வேணும்? எங்க மாடி ரூமுக்கு அக்னி நட்சத்திரத்துல வந்து பாருங்க. சோதனை தானா நடக்குது, கரண்டு பில்லுகூட இல்ல. அத்தனை சூட்டுலயும் ஒரு பூஞ்சை வரல. பாஸ்தானே?

சிதம்பரத்தார்: எதுல பாஸ்? அந்தச் சூட்டுல பல கிருமிகளுக்கு வளரவே முடியாது. அடுப்புச் சோதனை வேதியியலுக்கு. கிருமியைப் பத்தி அது வாயே திறக்காது. அதுக்குத் தனிப் பரீட்சை இருக்கு, ஐ.எஸ்.ஓ. 11930ன்னு. சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ.கோலை, கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ்னு அஞ்சு பேரை வேணும்னே கிரீமுக்குள்ள கலக்கறது. பாக்டீரியான்னா ஒரு கிராமுக்கு லட்சக்கணக்குல. 7 நாள்ல அது ஆயிரத்துல ஒரு பங்காக் குறையணும், அப்புறம் 28 நாள் வரைக்கும் தலை தூக்கக் கூடாது. வீம்புக்குப் பண்றதில்ல இது. உங்க வாடிக்கையாளர் குளிச்சுட்டு ஈரக்கையோட டப்பாவுல விரலை விடறாரே, அது தினமும் நடக்கிற கிருமிக் கலப்பு. 1970கள்ல அமெரிக்காவுல மஸ்காராவுல வளர்ந்த சூடோமோனாஸ் கருவிழியைப் புண்ணாக்கி, பார்வையே கெட்ட கதைகள் மருத்துவ இதழ்கள்ல இருக்கு. கடையில விக்கிற அன்னிக்கு அந்த மஸ்காரா பளிச்சுனுதான் இருந்திருக்கும்.

கடலூரார்: அப்ப பிரிசர்வேட்டிவ் போடணும்கிறீங்க. அது இல்லாததுதான் சார் என் விளம்பரமே! பாரபென்னா கான்சர்னு ஊரே சொல்லுது, ஐரோப்பாவுல தடையாம். அதுக்குப் பதிலா நான் வைட்டமின் ஈ போடறேன். வேப்பிலை போடறேன். தேன் போடறேன், தேன் எந்தக் காலத்துலயும் கெடாது. பாட்டி காலத்துல பாரபென்னு ஒண்ணு இருந்துச்சா?

சிதம்பரத்தார்: ஒண்ணொண்ணா வருவோம். 2004ல இங்கிலாந்துல 20 மார்புக் கட்டிகள்ல பாரபென் தடம் இருக்குன்னு ஒரு ஆய்வு வந்தது. இருக்குன்னுதான் காட்டினாங்க, கட்டி அதாலதான் வந்ததுன்னு காட்டல. ஐரோப்பா 2014ல தடை பண்ணினது பாரபென் குடும்பத்துல அஞ்சு பேரை. மெத்தில், எத்தில் ரெண்டும் 0.4 சதவீதம் வரைக்கும் இன்னிக்கும் அனுமதி. ஆனா பயம் சும்மா இருக்குமா? பல பேர் பாரபென்னை விட்டுட்டு மெத்தில்ஐசோதயசோலினோன்னு ஒண்ணுக்குத் தாவினாங்க. அது ஐரோப்பா முழுக்கத் தோல் ஒவ்வாமையைப் பரப்பி, தடவிட்டுக் கழுவாம விடற கிரீம்கள்ல 2017லேருந்து தடைன்னு ஆச்சு. பாரபென் பிடிக்கலைன்னா போடாதீங்க, வேற இருக்கு. சோடியம் பென்சோயேட் அமிலப் பதத்துல மட்டும் வேலை செய்யும், ஃபினாக்ஸி எத்தனாலுக்கு 1 சதவீதம் எல்லை. எதையாவது போட்டு, அது வேலை செய்யுதுன்னு காட்டுங்க. வைட்டமின் ஈ எண்ணெய் காறாம பார்த்துக்கும், கிருமியைத் தொடக்கூடத் தொடாது. தேன் கெடாததுக்குக் காரணம் அதுல கிருமிக்குக் கிடைக்கிற தண்ணி இல்லாதது. அதைக் கற்றாழைத் தண்ணியில கரைச்ச நிமிஷமே அந்தப் பெருமை போச்சு. வேப்பிலை கிருமியைக் கொல்லுமா? இருக்கலாம். உங்க கிரீமுல, நீங்க போட்ட அளவுல கொல்லுமான்னு அந்த 28 நாள்தான் சொல்லும். அதுவரைக்கும் அது இலை, மரத்துல இருந்த தூசியும் கிருமியும் அதோடயே வந்திருக்கு. பாட்டி விஷயத்துல உங்களோட நான் முழுசா ஒத்துப்போறேன். அவங்க காலையில அரைச்சாங்க, காலையிலேயே தேய்ச்சாங்க, மிச்சத்தைக் கழுவி ஊத்தினாங்க. பாட்டியோட ஃபார்முலாவை எடுத்துக்கிட்டீங்க, பாட்டியோட தேதியை மட்டும் விட்டுட்டீங்க.

கடலூரார்: எங்க ஊரைச் சாதாரணமா நினைக்காதீங்க சார். ஷாம்புவை சாஷேல அடைச்சு ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனதுல முன்னோடி, கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 15,000 ரூபாயோட 1983ல சிக் ஷாம்பு ஆரம்பிச்சு கவின்கேர் ஆக்கினார். சிக்குங்கிற பேரே அப்பா பேரோட முதலெழுத்துகள்தான். பெருசா வளர்றவங்க எல்லாரும் சின்னதாத்தானே ஆரம்பிச்சாங்க? இப்படிச் சோதனை சோதனைன்னு பயமுறுத்தினா எவன் தொழிலுக்கு வருவான்?

சிதம்பரத்தார்: நல்ல உதாரணம் கொடுத்தீங்க, உங்களுக்கு எதிராவே. நாம இப்ப பேசின கிருமிப் பிரச்சினையில பாதியை அந்தச் சின்னப் பொட்டலம் தீர்த்துடுது. கிழிச்சா ஒரு குளியல், மிச்சம் இல்ல, ஈரவிரல் திரும்பப் போற வேலை இல்ல. 30 மாசத்துக்கு மேல ஆயுள் உள்ள பொருளுக்கு ஐரோப்பாவுல ‘திறந்த பிறகு இத்தனை மாசம்’னு மூடி திறந்த டப்பாப் படம் போடணும். சாஷேவுக்கு அந்தப் படம் எதுக்கு? திறந்த பிறகு இத்தனை நிமிஷம்னு போட்டாலே போதும். ஆனா சாஷே சூட்டுலேருந்து தப்பிக்காது. பெட்டிக்கடை வாசல்ல சரம் சரமா வெயில்ல தொங்குது. உள்ள இருக்கிறது சில மில்லி, சுத்தியிருக்கிற பரப்போ நிறைய; ஒட்டின ஓரம் கொஞ்சம் விட்டாலும் தண்ணியும் வாசனையும் வெளியே நடந்துடும். அதனால பொட்டலமும் சேர்ந்துதான் சோதனைக்குப் போகணும். சின்னதா ஆரம்பிக்கிறதை யாரும் குத்தம் சொல்லல. அது சரி, டப்பாவுல உற்பத்தி உரிம எண்ணைக் காணோமே?

கடலூரார்: அதுக்குப் பையன் இடம் விட்டு வெச்சிருக்கான் சார். நீங்க பேச்சை மாத்தாதீங்க. அமெரிக்காவுல காஸ்மெட்டிக்குக்குத் தேதி போடணும்னு சட்டமே கிடையாதாம். அவ்வளவு பெரிய நாடே விட்டுடுச்சு, மஞ்சக்குப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தேதிங்கிறதே பழசைத் தூக்கிப்போட வெச்சுப் புதுசை விக்கிற தந்திரம்னுகூட ஒரு வீடியோ பார்த்தேன்.

சிதம்பரத்தார்: அமெரிக்கா விஷயம் உண்மைதான். அங்க சட்டம் தேதி கேக்கல. ஆனா பொருள் பாதுகாப்பா இருக்கணும்ங்கிற பொறுப்பைத் தயாரிக்கிறவர் தலையில வெச்சிருக்கு. தேதி போடாதவர் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க, அதுவும் 24ன்னு எண் வெச்சு. சொன்ன வாய்தான் காட்டணும். வீடியோக்காரர் சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு. தேதி முடிஞ்ச மறுநாள் காலையில எதுவும் விஷமாகாது. காஞ்ச சீயக்காய்ப் பொடி ரெண்டு மாசம் தாண்டினா வாசனை குறையும், அவ்வளவுதான். கண்ணுக்குப் போடற மை, தண்ணி கலந்த கிரீம், வெயில் தடுப்புக் கிரீம் இதுக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது. எதுக்குச் சலுகை, எதுக்கு இல்லைன்னு பிரிச்சுச் சொல்றதும் சோதனைதானே? பிரஸ்ல அது தெரியாது.

கடலூரார்: சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்த லேப் எல்லாம் எஸ்.பி.ஐ. மேனேஜரைப் பார்த்துட்டுப் போற இடம் சார். நான் மாசம் சில நூறு டப்பா விக்கிறவன். எனக்கு என்ன வழி?

சிதம்பரத்தார்: இப்பத்தான் நியாயமான கேள்வி. கிருமிச் சோதனைக்கு அங்கீகாரம் உள்ள லேப்புக்குத்தான் போகணும், செலவு ஆகும், அதுல குறுக்கு வழி இல்ல. ஆனா ஒரு கலவையை முடிவு பண்ணினா அதுக்கு ஒரு தடவை. மாசா மாசம் இலையையும் எண்ணெயையும் மாத்தறவருக்குத்தான் மாசா மாசம் செலவு. மிச்சத்துக்குப் பெரிய காசு வேணாம். ஒவ்வொரு பேட்ச்லயும் சில டப்பாவை எடுத்து வைங்க, ஃப்ரிட்ஜ்ல, அலமாரியில, 45ல நிக்கிற ஒரு பெட்டியில. ஒரு பி.எச். மீட்டர், ஒரு தராசு, ஒரு நோட்டு. மாடி ரூம் வேணாம். அங்க ராத்திரி சூடு எவ்வளவு இறங்கிச்சுன்னு உங்களுக்கே தெரியாது. உங்க கடற்கரைக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல 2011 டிசம்பர் 30ல தானே புயல் கரையேறினப்போ எத்தனை நாள் கரண்டு இல்லாம இருந்தோம்! அந்த மாதிரி நாளைக்கூட நோட்டுல எழுதணும். எழுதாத சோதனை நடக்காத சோதனை. இதெல்லாம் முடியாதுன்னா தண்ணியை விட்டுடுங்க. பொடி பண்ணுங்க, எண்ணெய் பண்ணுங்க. தண்ணி இல்லாத இடத்துல கிருமிக்கு வேலை ரொம்பக் குறைவு. எண்ணெய்க்குக் காறல் மட்டும் பாருங்க, அங்க உங்க வைட்டமின் ஈ நிஜமாவே உதவும். எதைப் பண்ணினாலும் உரிமம் வாங்கிட்டுப் பண்ணுங்க.

கடலூரார்: எல்லாம் சரி. தீபாவளிக்கு 200 டப்பா கிரீம் ஆர்டர் இருக்கு. ஸ்டிக்கர் அடிச்சாச்சு. தேதியை மட்டும் என்னன்னு சொல்லுங்க, பேனாவால திருத்திடறேன்.

சிதம்பரத்தார்: பேனாவை மூடி வைங்க. நீங்களும் நானும் சேர்ந்து சொன்னாலும் அது தேதியாகாது. இந்தக் கிரீமை இன்னிக்கே 45ல வைங்க, லேப்புக்கும் அனுப்புங்க. தையில நோட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க, எத்தனை மாசம் போடலாம்னு கணக்குப் போடுவோம். ஆர்டர் கொடுத்தவங்ககிட்ட கிரீம் பொங்கலுக்கு அப்புறம்தான்னு இன்னிக்கே சொல்லிடுங்க.