ஆணியடித்த பதிப்பு

அறிவியல் மென்பொருளில் பழசைக் கட்டிக்காப்பவர்களைப் பாராட்டியே ஆகவேண்டும். அவர்களின் தேவைப் பட்டியல் கோப்பில், பைத்தானின் கணக்குப்பிள்ளையான நம்பைக்கு நேரே இரண்டு சமக்குறி, பக்கத்தில் 1.16. 2019-ல் வந்த பதிப்பு. அடித்த ஆணி இன்னும் ஆடவில்லை. அதோடு சேர்ந்து ஓடும் பைத்தான் 2-க்கு 2020 தொடக்கத்திலேயே காரியம் முடிந்துவிட்டது. அதற்காகப் பெரியவர்களைக் கைவிட முடியுமா? 2022 டிசம்பரில் வந்த நம்பை 1.24, ‘என்பி.ஃப்ளோட்’ என்ற பெயரையே தூக்கிவிட்டது. இவர்கள் நிரலில் அது வரிக்கு வரி சௌக்கியம். புது மடிக்கணினியில் நிறுவ முடியவில்லையா? பழைய மடிக்கணினி வாங்குங்கள். ஆய்வு முடிவு மாறக்கூடாதே!

ஒரு துணிச்சல்காரர் ஆணியைப் பிடுங்கி நம்பை 2.0-வை ஏற்றினார். ஒரு சோதனைகூடத் தோற்கவில்லை. எழுதி வைத்திருந்தால்தானே தோற்கும்? மகிழ்ச்சியில் 2.0-வுக்கும் இரண்டு சமக்குறி போட்டுவிட்டார். தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள்.