கங்காணிமாரைத் துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கிறோம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கொழுந்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், இறம்பொடை.
பெறுநர்: துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் பொறுப்பான அமைச்சும் சுங்கத் திணைக்களமும், கொழும்பு.

கனம் பொருந்திய ஐயா, அம்மணி,

2020 ஜூலையில் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பேரில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. இராவண மன்னனைப் பற்றியும், அவன் காலத்தில் இருந்து பிறகு தொலைந்துபோன வான்பாதை ஆதிக்கத்தைப் பற்றியும் ஏடோ புத்தகமோ வைத்திருப்பவர்கள் தந்துதவலாம் என்று கேட்டிருந்தீர்கள். கொரோனாவில் கட்டுநாயக்க விமான நிலையம் மூடிக்கிடந்த நேரம். பறக்க ஒன்றும் இல்லாத நாளில் புஷ்பக விமானத்தையாவது தேடட்டும் என்று நாங்கள் குறுக்கிடவில்லை. இப்போது விமானங்கள் பழையபடி வந்துபோவதால் என் பங்குக்கு ஓர் ஆவணத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

கம்பனின் சுந்தர காண்டம்தான் அது. அதைப் பக்தி நூல் என்று கோயிலுக்கு ஒதுக்கியிருப்பீர்கள். ஒருமுறை பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையாக வாசித்துப் பாருங்கள். இறம்பொடையில் வேவன்டன் மலைமேல் சின்மயா மிஷன் கட்டிய கோயிலில் நிற்கிறாரே அனுமார், விசாவும் இல்லாமல் விமானமும் இல்லாமல் இந்த நாட்டு வான்பரப்புக்குள் நுழைந்த முதல் ஆள் அவர். மதிலில் காவல் நின்ற இலங்கை மாதேவி ஒரே அடியில் சாய்ந்தாள். வந்தவர் ஊரை வீடு வீடாகப் பார்த்தார், அசோக வனத்தை அழித்தார். கடைசியில் பிடித்துவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. பிடித்து என்ன செய்தார்கள்? வாலில் துணி சுற்றி, எண்ணெய்ச் செலவும் பண்ணி, கொளுத்தி, ஊர்வலம் விட்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு ஒரு சடங்கு நடத்தி வெளியே விடுகிற மரபு அன்றைக்கே இங்கே இருந்திருக்கிறது.

மரபு இன்றும் அழியவில்லை. 2023 மே 23ஆம் திகதி கட்டுநாயக்கவில் பிரமுகர் வழியால் வந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பயணப் பொதியில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும் இருந்தன. சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. 75 இலட்சம் ரூபாய் தண்டம். ஐயா கட்டினார், மறுநாளே நாடாளுமன்றத்தில் வாக்களிக்கவும் போய்விட்டார். பழைய தொழில் பழக்கத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், எங்கள் பெண்ணொருத்தி அந்தத் தண்டத்தைக் கட்டி முடிக்க 25 வருஷம் கொழுந்து பறிக்க வேண்டும். அதுவும் அந்த 25 வருஷமும் சாப்பிடாமல்.

அதே வாசலால் எங்கள் பெண்பிள்ளைகளும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். 2013இல் அவர்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா, பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் போகலாம். 2022 வரை அது நடந்தது. நல்லது, பிள்ளைகள் மேல் அக்கறை. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்: இதே அக்கறையோடு கொள்கலன்களின் குடும்பப் பின்னணியையும் யாராவது விசாரிப்பதுண்டா?

2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து 323 கொள்கலன்கள் திறந்து பார்க்கப்படாமல் வெளியே போயின. நெரிசலாம். திருவிழாவில் உண்டியலைக் காவல் பார்ப்பவர், கூட்டம் அதிகம் என்று உண்டியலையே ஆட்களிடம் கொடுத்தனுப்பின மாதிரி. அதற்கு முன்னால் 2019இல், பிரித்தானியாவிலிருந்து பாவித்த மெத்தை, கம்பளம் என்று சொல்லி வந்து கிடந்த 263 கொள்கலன்களின் கதை வெளிவந்தது. உள்ளே ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்தது. திருப்பி அனுப்பி முடிக்க 2022 ஆயிற்று. 2017இல் சீனிக் கொள்கலன் ஒன்று துறைமுகத்தைத் தாண்டி, இரத்மலானைச் சதொச களஞ்சியத்துக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குள் 200 கிலோவுக்கு மேல் கொக்கெயின். நாங்கள் பிளேன்டீக்குச் சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற சனம், கொஞ்சம் பயந்துதான் போனோம்.

இனி என் யோசனை. எங்கள் கொழுந்து மடுவத்துக்கு ஒருநாள் உங்கள் உயர் அதிகாரிகளை அனுப்புங்கள். சாக்கு தராசில் ஏறும் முன் கங்காணி கையை உள்ளே விட்டு அடிவரை கிளறுவார். முற்றின இலை இருந்தால் வெளியே கொட்டுவார். மழை பெய்திருந்தால் தண்ணிக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, மழை பெய்யாவிட்டாலும் ஏதோ ஒன்றுக்குக் கழிவு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இத்தனைக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாச்சர் நிற்பார், விறகுக் கட்டுக்குள் தேயிலை வாது இருக்கிறதா என்று பார்க்க. மடுவத்திலும் நெரிசல் உண்டு, பசியோடு ஐம்பது அறுபது பேர் மழையில் நிற்பார்கள். நெரிசல் என்று சொல்லி ஒரு சாக்கும் பார்க்காமல் போனதை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது, மோப்ப நாய் கிடையாது. ஒரு கையும் ஒரு சந்தேகமும்தான்.

ஆகவே நான்கு கங்காணிமாரையும் இரண்டு வாச்சர்மாரையும் கொழும்புத் துறைமுகத்துக்குத் தற்காலிகமாக அனுப்பிவைக்கச் சித்தமாக இருக்கிறோம். ஒரேயொரு சிக்கல், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவர்கள் ஏழைகளின் சாக்கைக் கிளறித்தான் பழகியவர்கள். துரையின் ஜீப் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள்தான் மாற்றியெடுக்க வேண்டும். உங்களிடம் வந்தால் அது இன்னும் முற்றிவிடுமோ என்றும் ஒரு பயம்.

மலையில் இருக்கிறவனுக்குத் துறைமுகத்தில் என்ன அலுவல் என்று கேட்கலாம். 2001 ஜூலை 24 விடியற்காலையில் புலிகளின் 14 பேர் கட்டுநாயக்கவுக்குள் புகுந்தார்கள். பயணிகள் விமானமும் படை விமானமுமாக 26 அழிந்தோ சேதமடைந்தோ போயின. உடனே வெளிநாட்டுக் காப்புறுதிக்காரர்கள் கொழும்புக்கு வரும் கப்பலுக்கும் யுத்த ஆபத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். தேயிலையும் அந்தக் கப்பலில்தானே போக வேண்டும்? வறட்சியும் சேர்ந்துகொள்ள, சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த வருஷம் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. விமான நிலைய வேலிக்கு யார் பொறுப்பு என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு புறக்கோட்டைக் கடையில் மூட்டை தூக்கிய எங்கள் பையன்களைச் சந்திக்குச் சந்தி நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

கருவிகள் வாங்கியிருக்கிறோம் என்பீர்கள். உண்மை. அமெரிக்கா 2001 செப்டெம்பருக்குப் பிறகு தொடங்கிய கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்தில் கொழும்பும் சேர்ந்தது. அமெரிக்காவுக்குப் போகிற பெட்டியில் ஆபத்து இருக்கிறதா என்று இங்கேயே பார்த்து அனுப்புகிறோம். விருந்தோம்பல் தமிழனுக்கும் சிங்களவனுக்கும் பொதுவான குணம், குறை சொல்லவில்லை. நமக்கு வருகிற பெட்டியையும் அதே கண்ணால் பார்த்தால் போதும்.

மத்தளையைப் பற்றி எழுத ஆசைதான், இடமில்லை. பயணிகளே வராததால் உலகிலேயே பாதுகாப்பான விமான நிலையம் அதுதான் என்ற பெருமையை மட்டும் பதிவு செய்கிறேன். 2016இல் நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் இறங்கி அங்கிருந்து விரட்டியது காட்டு மிருகங்களை.

ஆட்களைச் சோதிப்பதில் இந்த நாட்டுக்கு ஒரு காலத்தில் இருந்த திறமையையும் நினைவுபடுத்த வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய நாளில், எங்கள் பாட்டன் பாட்டிமாரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து, அம்மைப்பால் குத்தித்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. கொழும்பிலிருக்கும் கந்தோருக்குத் தெரியும், எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறான் என்று. வழியில் ஒருவர் தவறினாலும் கணக்கு உதைக்கும். அந்த 323 பெட்டிகளுக்கும் ஆளுக்கொரு தகரத் துண்டு கட்டியிருக்கலாம். தகரம் வேண்டுமானால் இங்கே லயத்துக் கூரையிலிருந்து கழற்றித் தரலாம், எப்படியும் ஒழுகுகிறது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தடவை உங்கள் சோதனை சரியாக வேலை செய்தது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்துவிட்டு, எங்கள் மலைகள் மஞ்சளடித்து நின்றபோது, சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. மாதிரியைப் பரிசோதித்தவர்கள் தீங்கான நுண்ணுயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்து இறக்க விடவில்லை. கை தட்டினோம். பிறகு, 2022 ஜனவரியில், இறங்காத அந்தப் பசளைக்காக 67 இலட்சம் டொலர் கட்டினோம். எங்கள் மடுவத்தில் ஒரு சாக்கைத் திருப்பி அனுப்பினால் அதற்குக் காசு கொடுக்கிற வழக்கம் இல்லை. இந்த ஒரு விடயத்தில் கங்காணிமாருக்கு நீங்கள்தான் பயிற்சியளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
இறம்பொடைக் கணக்கப்பிள்ளை.

பி.கு.: 2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து வந்த ஸ்ரீலங்கன் விமானத்தில் ஓர் எலி ஏறிவிட்டதாகவும், அது எதையாவது கடித்து வைத்திருக்குமோ என்று விமானத்தை மூன்று நாள் நிறுத்திச் சோதித்ததாகவும் அறிந்தேன். இந்நாட்டுக்குள் நுழைந்தவர்களில் இத்தனை கவனமாகத் தேடப்பட்டது அந்த எலி ஒன்றுதான். எங்கள் இஸ்டோரில் நல்ல பூனையொன்று இருக்கிறது, அனுப்பலாம். அதற்கு ஆவணம் கேட்பீர்கள். 1948இல் குடியுரிமைக்கு எங்களிடமும் கேட்டீர்கள், 2003இல் சட்டம் போட்டுத்தான் அந்தக் கணக்கை முடித்தீர்கள். பூனைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது என்பதைத் தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்.