தேவாலயத்து எலி

கேள்வி: 'தேவாலயத்து எலியைப் போல் ஏழை' என்று ஆங்கிலேயர் சொல்வதன் தாத்பரியம் என்ன?
– வாசகர், அலோர் காஜா

பதில்: மடைப்பள்ளியும் நைவேத்தியமும் இல்லாத தேவாலயத்திலே குடியேறிய எலிக்கு மெழுகுவர்த்தியையும் ஜெபப் புத்தகத்தையும் கொறிப்பதன்றி வேறு ஜீவனோபாயம் இல்லையாதலால், பரம தரித்திரனுக்கு அதனை உவமை ஆக்கினர். தோட்டத்து லயத்திலே மாதக் கடைசியில் கடன் புத்தகத்தோடு கடைக்குப் போன அக்காலத்து நம்மவர் நிலைக்கு இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஆயினும் அன்பர் தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளலாமேயன்றிப் பிறரைச் சொல்லுதல் தகாது.

மலாக்காவில் டச்சுக்காரர் 1741-இல் தொடங்கி 1753-இல் முடித்த செந்நிறக் கிறைஸ்ட் சர்ச்சின் எலிக்கு இவ்வுவமை சாலும். ஆற்றுக்கு அப்பால், மலாக்கா செட்டிகள் 1781-இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் சந்நிதியிலோ, மூஷிகம் சுவாமிக்கே வாகனமாய், மோதகத்தின் அருகிலேயே வாசம் செய்கிறது. அந்த எலியைக் கண்டிருந்தால் ஆங்கிலேயர் செல்வந்தருக்கன்றோ அதனை உவமை சொல்லியிருப்பர்!