எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை

ஃப்ரேமிங்ஹாம், மாசசூசெட்ஸ்
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள அண்ணாவுக்கு,

   

என் மகளுக்கு அடுத்த வருஷத்து ஹாஸ்டல் ரூம் கிடைத்துவிட்டதா என்று போனில் கேட்டீர்கள். "வீடு கிடைத்துவிட்டது, ரூம் இன்னும் கிடைக்கவில்லை" என்றேன். லைன் சரியில்லை என்று நினைத்து இரண்டு தரம் 'ஹலோ, ஹலோ' என்றீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது, அண்ணா. ஹார்வர்டில் நடைமுறையே அப்படித்தான். திருச்சியில் காலமெல்லாம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவருக்கு இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் முறை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலேஜ் திறந்ததும் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டுவீர்கள். ரோல் நம்பர் வரிசைப்படி மூன்று பேருக்கு ஒரு ரூம். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுகிறான் என்று புகார் சொல்ல வருகிற பையனிடம், "அவனுக்கு முன்னாலேயே நீ தூங்கிவிடு" என்பீர்கள். அதோடு வழக்கு முடிந்தது.

இங்கே முதல் வருஷம் கிட்டத்தட்ட அந்த வழிதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை ஹார்வர்டு யார்டு என்கிற பழைய வளாகத்திலும் அதை ஒட்டிய கட்டடங்களிலும் போட்டுவிடுகிறார்கள். யாரோடு யார் என்பதை ஆபீஸே முடிவு செய்கிறது. எத்தனை மணிக்குத் தூங்குவாய், அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வாயா என்றெல்லாம் கேட்டு ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். வருகிற பதில்களை ஆட்கள் உட்கார்ந்து படித்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். 'அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன்' என்று இவள் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்த அவள் அப்பா, "படிக்கப் போகுமுன்பே பொய் சொல்ல ஆரம்பித்தாயிற்றா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

வம்பு தொடங்குவது இரண்டாம் வருஷத்துக்கு. யார்டைக் காலி செய்ய வேண்டும்; மீதி மூன்று வருஷத்துக்கு 12 ஹவுஸ்களில் ஏதாவது ஒன்றில் இடம். ஒவ்வொரு ஹவுஸும் சில நூறு பேர் தங்குகிற பெரிய ஹாஸ்டல். தனி மெஸ், தனி நூலகம், தனிச் சின்னம், தனி விலங்கு. க்வின்சிக்குப் பெங்குவின், லெவரெட்டுக்கு முயல், டன்ஸ்டருக்கு மூஸ் மான். ஒன்பது ஹவுஸ்கள் சார்ல்ஸ் ஆற்றுப் பக்கம். மிச்சமுள்ள காபட், கரியர், ஃபோர்ட்ஸ்ஹைமர் மூன்றும் 'க்வாட்' என்ற இடத்தில், யார்டிலிருந்து எதிர்த் திசையில் கால் மணி நேர நடை. கால் மணி நேரம்தானே என்பீர்கள். பாஸ்டன் பக்கத்துப் பிப்ரவரியில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்ன ஹவுஸ்தான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. பிள்ளைகள் கையில் விட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: கூட யார் வரவேண்டும் என்பது. தனியாகவும் பேர் கொடுக்கலாம், எட்டுப் பேர் வரை சேர்ந்தும் கொடுக்கலாம். அதற்கு 'பிளாக்கிங் குரூப்' என்று பேர். சேர்ந்து கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஹவுஸ். ஆண், பெண் கலந்தே கொடுக்கலாம். (இந்த இடத்தில் அண்ணி கடிதத்தை உங்கள் கையிலிருந்து பிடுங்குவார்கள் என்று தெரியும். ஒரே ஹவுஸ் என்றுதான் சொன்னேன் அண்ணி, ஒரே ரூம் என்று சொல்லவில்லை.)

இவள் கூட்டத்தில் ஒன்பது பேர். அங்கேதான் பிடித்தது சனி.

பிப்ரவரி முழுக்க வீட்டுக்குப் போன் வந்தால் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒன்பதில் ஒருவர் விலக வேண்டும். ஆனால் இந்த ஊர் மரியாதைப்படி "நீ போ" என்று யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. "நீ இல்லாமல் நாங்கள் எப்படி!" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே, தான் மட்டும் எட்டுக்குள் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒரு காதல் ஜோடி. இருவரையும் சேர்த்துக்கொண்ட பிறகு காதல் முறிந்தால், மூன்று வருஷம் ஒரே மெஸ்ஸில் முறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்; சாம்பார் நமக்கு இறங்காது. சேர்க்காமல் விட்டால், முறிந்ததே உங்களால்தான் என்பார்கள். இன்னும் இரண்டு பெண்களுக்குள் நவம்பரிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. அது தங்களுக்குத் தெரியாது என்று மற்றவர்கள் நடிக்க வேண்டும். ஒரு பையன் வேறொரு கூட்டத்துக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, போனை மட்டும் எடுப்பதில்லை.

கணக்குப் படிக்கிற பெண்ணொருத்தி எக்செல் ஷீட் போட்டாள். யார் யாரோடு ஒத்துப்போவார்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் மார்க். அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தால் புத்திசாலி. குரூப்பில் அனுப்பிவிட்டாள். மார்க் குறைந்தவன் பார்த்து, மார்க் கூடியவன் சமாதானம் சொல்லி, ஷீட் அழிக்கப்பட்டு, அழிக்குமுன் எல்லோரும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி இவள் போன் செய்து, "அம்மா, நான் கூட இருக்கக் கஷ்டமான ஆளா?" என்று கேட்டாள். இன்னொரு தாயாராக இருந்தால் "நீ தங்கமாச்சே" என்றிருப்பாள். நான் உங்கள் தங்கை. "ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவாய், கடைசிச் சொட்டுப் பாலை எடுத்துக்கொண்டு காலி டப்பாவை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைப்பாய், மற்றபடி நல்ல பெண்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "துண்டு விஷயம் இங்கேயும் சொன்னார்கள்" என்றாள்.

கடைசியில் 'லிங்க்' என்று ஒரு வசதி கைகொடுத்தது. இரண்டு குரூப்பாகப் பேர் கொடுத்து, ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். ஒரே ஹவுஸ் கிடைக்காது. ஆனால் அக்கம்பக்கத்து ஹவுஸ்கள் கிடைக்கும். ஒன்பது பேர் நாலும் ஐந்துமாகப் பிரிந்தார்கள். நாலில் யார், ஐந்தில் யார் என்று அடுத்த சண்டை நடந்ததை உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

இவ்வளவு தொல்லைக்குப் பேசாமல் பிடித்த ஹவுஸைக் கேட்க விடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பணக்காரப் பிள்ளைகள் யார்டில் தங்குவதே இல்லையாம். மவுண்ட் ஆபர்ன் தெருவில் 'கோல்டு கோஸ்ட்' என்று பேர் வாங்கிய தனியார் கட்டடங்களில் சொந்தக் குளியலறையும் நீச்சல்குளமுமாக இருந்தார்கள். பின்னால் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1900 முதல் 1904 வரை இருந்தது அப்படி ஒரு கட்டடத்தில்தான். வசதி இல்லாத பிள்ளைகளுக்கு யார்டின் பழைய அறைகள். பிறகு ஹார்வர்டின் தலைவரான லாரன்ஸ் லோவலுக்கு, இருப்பவனும் இல்லாதவனும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டால்தான் கல்லூரி உருப்படும் என்று எண்ணம். எட்வர்டு ஹார்க்னஸ் என்பவர் பணம் கொடுத்தார். அவர் யேலில் படித்தவர். முதலில் தன் கல்லூரிக்குத்தான் கொடுக்கப் பார்த்தார். அங்கே இழுத்தடித்தார்கள், இவர்கள் உடனே கையை நீட்டிவிட்டார்கள். 1930-ல் முதல் ஹவுஸ்கள் திறந்தன.

லோவலை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். எல்லோரும் கலந்து பழக வேண்டும் என்ற அதே மனுஷன்தான் 1922-ல் கறுப்பின மாணவர்களை முதல் வருஷ விடுதிகளில் சேர்க்க மறுத்தார். அடுத்த வருஷம் மேலே இருந்த குழு அதை ரத்து செய்தது.

பிற்பாடு பிள்ளைகளே ஹவுஸ் கேட்கிற காலம் வந்ததும் பழைய குணம் வேறு உருவத்தில் திரும்பியது. ஆடம்ஸ் என்றால் நாடகம், கலை ஆட்கள். கிர்க்லண்டு என்றால் விளையாட்டுக்காரர்கள். எலியட் என்றால் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குத் தெரு பிரித்துக்கொண்டார்கள். விருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்து, 1996-ல் முழுக் குலுக்கலாக்கிவிட்டார்கள். மாணவர்கள் எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா.

திருவிழாவை விவரமாகச் சொல்கிறேன். ரிசல்ட் வருகிற நாளுக்கு 'ஹவுசிங் டே' என்று பேர். மார்ச்சில் வசந்த விடுமுறைக்குச் சற்று முன்னால் வரும். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு ஹவுஸும் தன் பெருமையைப் பாட்டாகப் பாடி வீடியோ விடுகிறது. குலுக்கலில் விழப்போவதற்கு எதற்கு விளம்பரம் என்று கேட்டால், "அது ஒரு ஜாலி அம்மா" என்கிறாள்.

முந்தின ராத்திரி பிள்ளைகள் சார்ல்ஸ் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். ஆற்றுத் தெய்வங்களுக்குப் படையல்! அட்டையிலோ மரத்திலோ சின்னப் படகு செய்து, தீ வைத்துத் தண்ணீரில் விட்டு, "எங்களை க்வாடுக்கு அனுப்பிவிடாதே" என்று வேண்டிக்கொள்கிற வழக்கம். படையலில் மதுவும் உண்டு. தெய்வத்துக்குப் போக மீதி பக்தர்களுக்கு. போலீஸ் வந்து விரட்டுவதும் வழக்கத்தில் சேர்த்தி. ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் விளக்கு விட்ட குடும்பம் நாம். எனக்குக் கோபமே வரவில்லை. நான் என் பங்குக்கு ஆஷ்லாண்டு லட்சுமி கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். என்ன வேண்டுதல் என்றார் குருக்கள். "ஆற்றங்கரை ஹாஸ்டல்" என்றேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு நட்சத்திரத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஹவுசிங் டே அன்று விடிந்ததும் சீனியர்கள் யார்டில் கூடிவிடுகிறார்கள். பன்னிரண்டு நிறத்தில் டி-ஷர்ட், பெங்குவின் வேஷம், முயல் வேஷம், கொடி, மேளம். பிறகு கூட்டம் கூட்டமாகக் கட்டடத்துக்குள் புகுந்து, கதவை இடித்து, உள்ளே பாய்ந்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். இவள் அனுப்பிய வீடியோவில் முதலில் தெரிவது தாழ்வாரத்து இருட்டும் காலடிச் சத்தமும். எதிர் அறைக் கதவு திறந்து அலறல் கேட்கிறது. இவர்கள் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்கிறார்கள். கதவு இடிபடுகிறது. உள்ளே வந்தது ஒரு மரம். ஆமாம் அண்ணா, கிளையும் இலையுமாக வேஷம் கட்டிய ஒரு பையன். மரம் என்றால் கரியர் ஹவுஸ். கரியர் என்றால் க்வாடு. ஆற்றுத் தெய்வமும் கைவிட்டது, ஆஷ்லாண்டு மகாலட்சுமியும் கைவிட்டாள். லிங்க் போட்ட ஐந்து பேருக்கும் பக்கத்திலேயே காபட்.

"பில் கேட்ஸ் இருந்த ஹவுஸ் என்று மாமாவிடம் சொல்லு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் என்பது மாமாவுக்குத் தெரியும் என்றேன். கிர்க்லண்டு கிடைத்திருந்தாலும் இதே கதிதான். ஃபேஸ்புக் மார்க் சக்கர்பெர்க் இருந்த இடம் அது. அவரும் பாதியில் போனவர்.

சாயங்காலம் புது ஹவுஸில் விருந்து. புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனவள் திரும்பும்போது, க்வாடைப் போல உண்டா என்று பேசிக்கொண்டு வந்தாள். அறைகள் பெரிசாம், தனியறை சீக்கிரம் கிடைக்குமாம், எதிரே புல்வெளியாம். காலையில் அழுத பெண்!

இனிமேல்தான் ரூம். அது ஹவுஸுக்குள்ளேயே ஏப்ரலில் நடக்கிற இன்னொரு குலுக்கல். நாலாம் வருஷத்தவருக்கு முதல் உரிமை, அப்புறம் மூன்றாம் வருஷம், எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இரண்டாம் வருஷத்துக்கு. பிளான் வரைபடத்தை இப்போதே போனில் அனுப்பியிருக்கிறாள். கதவு கிழக்கா என்று அண்ணி கேட்டதைச் சொன்னேன். கதவு இருந்தாலே போதும் என்றாள். ஆற்றங்கரைப் பழைய ஹவுஸ்களில் சில அறைகளுக்கு இன்னொருத்தியின் அறை வழியாகத்தான் போக வேண்டுமாம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், தூங்குகிறவளின் தலைமாட்டைக் கடந்து போக வேண்டும். மூக்கு உறிஞ்சியது வீண் என்று இப்போது அவளுக்கே படுகிறது.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது எது என்று சொல்கிறேன். நல்ல அறைக்கும் மட்ட அறைக்கும் வாடகை ஒன்றே. அப்பா இங்கே படித்தவர் என்றால் கல்லூரியில் இடம் கிடைக்க அது கொஞ்சம் உதவும் என்பது ஊரறிந்த விஷயம். ஹவுஸ் குலுக்கலில் அந்தப் பாச்சா பலிக்காது. உங்கள் ஆபீஸ் வாசலில் எம்.எல்.ஏ. லெட்டர்பேடோடு நிற்பார்களே, அந்த ஜாதி ஆட்களுக்கு இங்கே வேலையே இல்லை. கட்டடத்தைக் குலுக்கலுக்கு விட்டுவிட்டார்கள். பிள்ளையோடு குடியிருக்க யார் சம்மதிக்கிறார்கள் என்பதை மட்டும் பிள்ளையின் நடத்தைக்கு விட்டிருக்கிறார்கள். அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியவன் மகன் பிளஸ் டூ முடித்து இங்கே விண்ணப்பம் போடப்போகிறான் என்றீர்கள். மார்க்கும் எஸ்ஸேயும் அவன் பார்த்துக்கொள்வான். ஈரத் துண்டைக் கொடியில் போடுவதற்கும், காலி டப்பாவைக் குப்பையில் எறிவதற்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். எட்டில் ஒருவனாக அவனை எடுப்பதா வேண்டாமா என்று இங்கே உள்ள பிள்ளைகள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

அன்புடன்,
உங்கள் தங்கை