தண்ணி காட்டிய கப்பல்

கே: 'பிளாக்கேட் ரன்னர்' என்கிறார்களே, அது என்ன?

ப: முற்றுகைக்குத் தண்ணி காட்டும் கப்பல்! அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 1861 ஏப்ரலில், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார் லிங்கன். பஞ்சை வெளியே கொண்டுபோய், துப்பாக்கியை உள்ளே கொண்டுவர வேகமான நீராவிக் கப்பல்கள் கிளம்பின. சாம்பல் நிறப் பூச்சு, அதிகம் புகையாத நிலக்கரி, அமாவாசை இருட்டு. கரை சேர்ந்தால் கொள்ளை லாபம்.

கே: மாட்டிக்கொண்டால்?

ப: கோர்ட்டு, ஏலம். தொகையில் பாதி பிடித்தவர்களுக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கக் கேட்பானேன்! நல்ல கப்பலாக இருந்தால் கடற்படையே வாங்கிப் பீரங்கி ஏற்றிவிடும்.

கே: அப்படி ஒரு கப்பல் சொல்லுங்கள்.

ப: 'எல்லா அண்ட் ஆனி'. 1863 நவம்பரில் வட கரோலினா கரையருகே 'நைஃபான்' என்ற போர்க்கப்பல் மறித்தது. தப்ப வழியில்லை, மறித்த கப்பலையே முட்டிப் பார்த்துப் பிடிபட்டது. 1864 பிப்ரவரியில் 'மால்வெர்ன்' என்ற பெயரில் பிடித்தவர்களுக்கே உழைக்க வந்தது. பிறகு அட்மிரல் போர்ட்டரின் தலைமைக் கப்பல்!

கே: பழைய தோழர்களைச் சந்தித்ததா?

ப: சந்தித்ததாவது, வரவேற்றதே! 1865 ஜனவரியில் தென்னவர்களின் வில்மிங்டன் துறைமுகத்துக்குக் காவலான ஃபிஷர் கோட்டை விழுந்தது. ஆனாலும் கரையில் வழக்கமான அடையாள விளக்குகளை எரியவிட்டார் போர்ட்டர். சேதி தெரியாத 'ஸ்டாக்', 'சார்லட்' என்ற பிளாக்கேட் ரன்னர்கள் இரண்டும் நம்பி உள்ளே வந்தன. எதிர்கொண்டு பிடித்தது மால்வெர்ன்.

கே: லிங்கன் அதில் தங்கினாராமே?

ப: 1865 ஏப்ரலில். ஆறடி நான்கங்குல ஆளுக்குக் கட்டில் போதவில்லை. சத்தமில்லாமல் தச்சர்களை விட்டுக் கட்டிலைப் பெரிதாக்கினாராம் போர்ட்டர். மறுநாள், ராத்திரியில் தான் குள்ளமாகிவிட்டதாக லிங்கன் சிரித்தாராம். சொன்னவர் போர்ட்டர், அட்மிரலுக்குக் கதை சொல்வதும் கைவந்த கலை.

கே: அணி மாறிய கப்பல் என்று சொல்லலாமா?

ப: சுக்கான் யார் கையிலோ, அவர் அணி. பாவம், அது தேர்தலிலா நின்றது? தண்ணீரில்தானே!

கே: கடைசியில்?

ப: 1865 அக்டோபரில் விற்றுவிட்டார்கள். 1860இல் கட்டியபோது வைத்த 'வில்லியம் ஜி. ஹியூஸ்' என்ற பெயரையே வாங்கியவர்கள் திரும்பச் சூட்டினார்கள். அந்தப் பெயரோடு முப்பது வருடம் சரக்குச் சுமந்து, 1895இல் கியூபா அருகே மூழ்கியது. அந்த முறை மட்டும் கடலுக்குத் தண்ணி காட்ட முடியவில்லை.