ரெண்டு பட்டன்

வாடா பேராண்டி! சேட்டிலைட் கம்பெனில சேந்துட்டியாமே, உங்கப்பன் திருமுல்லைவாயல் பூரா டமாரம் அடிச்சிட்டான். இன்னாவோ சொன்னியே, "மொதல்ல பறக்கட்டும் தாத்தா, பாதுகாப்ப அப்புறம் சேத்துக்கலாம்"னு? பலே!

என் வலது கைய எண்ணு. நாலே முக்கா வெரலு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்பு. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன ஒண்ணா அமுக்கினாத்தான் மிஷினு எறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள எது போவும்? யோசிச்சவன் கெட்டிக்காரன். ஆனா எங்க மிஷினுக்கு அது பொறப்புல இல்ல, இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு பின்னால ஒயர் இழுத்து ஒட்டினது. நாங்க ஒரு பட்டன்ல தீக்குச்சிய சொருகிட்டோம். பீஸ் கணக்கு ஏறிச்சு, வெரலு எறங்கிச்சு. அடிக்கு அடி ரெண்டு கையையும் எடுத்து அமுக்க வெக்கிற மிஷினு அப்புறமா வந்துச்சு. அதுங்கிட்ட தீக்குச்சி பலிக்கல.

ஸ்ரீஹரிகோட்டாக்காரனப் பாரு. 2023 அக்டோபர் 21, ககன்யான் சோதனை. ஆள ஏத்தறதுக்கு முந்தியே, ஆளு தப்பிச்சு ஓடறத சோதிக்கவே தனியா ஒரு ராக்கெட்டு! பொண்ணு பாக்கப் போவும்போதே மாமியார் ஊட்டுப் பின்வாசலப் பாத்து வெக்கிற கதை. கெளம்ப 5 செகண்டு இருக்கச்சே கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு. சரி பண்ணி 10 மணிக்கு உட்டாங்க. 12 கிலோமீட்டர் ஒசரத்துல ஆளு உக்கார வேண்டிய கூண்டு பிச்சிக்கினு போயி, பாராசூட்டுல கடல்ல எறங்கிச்சு. அந்தக் கம்ப்யூட்டர்ல தீக்குச்சி சொருக ஒருத்தனும் இல்ல, பாத்தியா?

"என் சேட்டிலைட்ல ஆளே இல்லியே"ங்கறியா? 2001 அக்டோபர்ல போன பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டுல மட்டும் ஆளா இருந்தான்? சேட்டிலைட்ட ஒழுங்கா எறக்கி வெச்சிச்சு. வேலை முடிஞ்ச மேல்கட்டம் சும்மா சுத்திக்கினு இருந்துச்சு. டிசம்பர்ல அதுவா வெடிச்சி, 300 துண்டுக்கு மேல ஆயிடுச்சு. அதுக்கப்புறந்தான் நம்மாளுங்க, வேலை முடிஞ்ச கட்டத்துல மிச்சமிருக்கற எரிபொருள வெளிய தொறந்து உட ஆரம்பிச்சாங்க. அடுப்ப அணைச்சிட்டு சிலிண்டரயும் மூடுடான்னு உங்க பாட்டி தெனம் கத்துறதும் இதே புத்திதான்: வேலை முடிஞ்சா மிச்சத்த ஆபத்தில்லாம பண்ணிடணும்.

நாளைக்கு ஆபீசுக்குப் போனதும் வரைபடத்த விரிச்சி வெச்சி, தீக்குச்சி எங்க சொருகலாம்னு தேடு. கண்ணுக்குப் படலன்னா என்னைக் கூப்புடு. ஆவடி பஸ்ஸ புடிச்சி வரேன். டீ மட்டும் வாங்கிக் குடு.